வாத்து எண்ணுறதெல்லாம் ஒரு வேலையா?

"அமெரிக்காக்காரனுக்கு வேற வேலை இல்லடா, ஏரோப்ளேன்ல போய் வாத்து எண்ணிட்டிருக்கான்!"

இந்த வசனத்தைப் பல பேர் வாயிலிருந்து, பல மாதிரி கேட்டாச்சு. ஜூவாலஜி படிக்கிறவர்களே சொல்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். புலி ஆராய்ச்சி என்றால் கண் விரிகிறது. யானை என்றால் தனி மரியாதை. வாத்து என்றால் சிரிப்பு. வுட்காக் என்று ஒரு பறவை இருக்கிறது, நம்ம உள்ளானுக்குச் சொந்தக்காரன். அதன் பெயரைச் சொன்னால் சிரிப்புகூட வராது, "அது என்ன கோழியா?" என்று கேட்பார்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பறவையை வருஷா வருஷம், அதே இடத்தில், அதே முறையில், சலிக்காமல் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் காட்டுயிர்ப் பாதுகாப்பின் அஸ்திவாரம். கவிதை எழுதலாம், ஊர்வலம் போகலாம், டி-ஷர்ட் போடலாம். எண்ணாத பறவையைக் காப்பாற்ற முடியாது. இதற்கு வட அமெரிக்காவின் வாத்தையும் வுட்காக்கையும் விட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வுட்காக். மண்புழு தின்னும் பறவை. மூக்கை ஈர மண்ணுக்குள் முழுசாக விட்டு, மேல் அலகின் நுனியை மட்டும் மண்ணுக்குள்ளேயே திறந்து புழுவைப் பிடிக்கும். தலை குனிந்திருக்கும்போது எதிரி வந்தால் தெரிய வேண்டுமே, அதற்காகக் கண்கள் தலையின் பின்பக்கமாக நகர்ந்திருக்கும். காய்ந்த சருகின் நிறம். காலடியில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதைப் போய் எப்படி எண்ணுவீர்கள்?

காதால் எண்ணுகிறார்கள். வசந்த காலத்தில் ஆண் வுட்காக் சாயங்காலம் வெட்டவெளிக்கு வந்து "பீன்ட்... பீன்ட்" என்று மூக்கடைத்த மாதிரி ஒரு சத்தம் போடும். பிறகு இறகுகளில் விசில் அடித்துக்கொண்டே சுழன்று சுழன்று உயரப் பறந்து, மறுபடி கீழே இறங்கும். ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வந்த தன் புத்தகத்தில் இந்த வான் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். 1968லிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை வைத்துத்தான் கணக்கு. சூரியன் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் காரை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட கிராமத்து ரோட்டில் போகிறார். மொத்தம் 5.8 கிலோமீட்டர், 10 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 2 நிமிடம் நின்று, எத்தனை ஆண்கள் "பீன்ட்" என்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான். இப்படிச் சுமார் 1500 பாதைகள். ஒரே ரோடு, ஒரே நிறுத்தம், வருஷா வருஷம்.

கேட்கவே கொட்டாவி வருதா? வரட்டும். இந்தக் கொட்டாவி வேலை கண்டுபிடித்ததைப் பாருங்கள். வுட்காக் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மியாக. 100 இருந்த இடத்தில் அடுத்த வருஷம் 99. எந்த மனிதக் கண்ணுக்காவது இது தெரியுமா? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் வருஷத்துக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 50 வருஷத்துக்குக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு காலி! ஒருநாள் திடீரென்று செத்து விழுந்தால் பத்திரிகையில் போடுவார்கள். இப்படி மெல்ல மெல்லக் கரைவது எண்ணுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து வாத்து. 1955லிருந்து ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க, கனடா அரசுகளின் விமானங்கள் தாழப் பறந்து, நேர்க்கோட்டில் போய், இருபுறமும் தெரியும் வாத்துகளை இனம் பிரித்து எண்ணுகின்றன. விமானத்தை ஓட்டுகிறவரே உயிரியலாளராகவும் இருப்பார். மேலிருந்து பார்த்தால் புல்லுக்குள் இருக்கும் வாத்து தெரியாதே? அதற்குத்தான் சில இடங்களில் ஆட்கள் தரையில் நடந்து போய் அதே குளங்களை எண்ணி, விமானக் கணக்கில் எவ்வளவு தவறியது என்று பார்த்துத் திருத்துகிறார்கள். கூடவே குளங்களையும் எண்ணுகிறார்கள். வட அமெரிக்கப் புல்வெளியில் பனிப்பாறைகள் விட்டுப்போன லட்சக்கணக்கான குட்டைகள்தான் வாத்துகளின் பிரசவ ஆஸ்பத்திரி. குட்டை நிறைந்தால் வாத்து பெருகும், காய்ந்தால் குறையும். அடுத்த சீசனில் எத்தனை வாத்தை எத்தனை நாள் சுடலாம் என்ற விதிகள் இந்தக் கணக்கை வைத்தே முடிவாகின்றன. 1995லிருந்து இதற்கென்று ஒரு முறையே வந்துவிட்டது. வாத்து எப்படிப் பெருகும், எப்படிக் குறையும் என்று போட்டி போடும் சில கணித மாதிரிகளை வைத்துக்கொள்வது, அடுத்த கணக்கு வந்ததும் எது சரியாகச் சொன்னது என்று பார்த்து அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பது. தப்பு செய்தால் அடுத்த வருஷமே மாட்டிக்கொள்ளும் அரசாங்கக் கொள்கையை நம்ம ஊரில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? :-)

இனி வழக்கமான வாதங்களுக்கு வருவோம்.

வாதம் 1: "இதெல்லாம் சுடுறவனுக்காகச் செய்யும் ஆராய்ச்சி."

பாதி உண்மை. மறைக்க வேண்டியதில்லை. 1930களின் வறட்சியில் வாத்துகள் சரிந்தபோது, 'டிங்' டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட் அரசாங்கத்தின் காட்டுயிர்த் துறைக்குத் தலைவரானார். (ஆமாம், கார்ட்டூனிஸ்ட்தான். புலிட்சர் பரிசு வாங்கியவர்.) 1934இல் வாத்து ஸ்டாம்ப் சட்டம் வந்தது. நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர் ஒரு ஸ்டாம்ப் வாங்கியே ஆக வேண்டும். முதல் ஸ்டாம்ப்புக்குப் படம் வரைந்தவரும் டார்லிங்தான். அன்றைக்கு விலை 1 டாலர், இன்றைக்கு 25 டாலர். அதில் 98 சதவீதம் நீர்நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, சுமார் 60 லட்சம் ஏக்கர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1937இல் வந்த இன்னொரு சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரியைக் காட்டுயிர் வேலைக்குத் திருப்பிவிட்டது.

எனக்கு வேட்டை பிடிக்காது. பொழுதுபோக்குக்காக ஒரு பறவையைச் சுடுவதில் என்ன சுகம் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் அதற்காகக் கணக்கைப் பொய் என்று சொல்ல முடியுமா? ஆராய்ச்சி வேட்டைக்காரனுக்கு எடுபிடியாக இருந்தது என்றால் ஈயக் கதையை எங்கே வைப்பீர்கள்?

வாத்துச் சுடும் தோட்டாவில் ஈய ரவைகள் இருக்கும். குறி தவறியதெல்லாம் குளத்தின் அடியில் போய்ச் சேரும். இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவது வாத்தின் வழக்கம். கல் என்று நினைத்து ரவையை விழுங்கும். ஈயம் ரத்தத்தில் கலந்து, உடம்பு வற்றி, இறகு தொங்கிச் சாகும். இது கூட்டமாக நடந்தால்தான் கண்ணில் படும். ஒன்றொன்றாகச் சாவதை நரியும் காக்கையும் சுத்தம் செய்துவிடும். இல்லினாய் மாநிலத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ் பல வருஷம் ஆயிரக்கணக்கான வாத்து இரைப்பைகளை அறுத்துப் பார்த்து, 1959இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதம் வருஷா வருஷம் ஈயத்தால் மட்டுமே சாகின்றன என்றார். தோட்டாத் தொழிலும் வேட்டைக்காரர்களில் பெரும்பகுதியும் எதிர்த்தார்கள். இரும்பு ரவை சரியாகச் சுடாது, துப்பாக்கி கெட்டுவிடும் என்றார்கள். செத்த வாத்தைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் சாவது தெரிந்த பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் தடை. கனடாவில் 1999இல். பிறகு ஆய்வாளர்கள் மறுபடியும் எண்ணினார்கள். மிசிசிப்பி வழித்தடத்தில் மல்லார்ட் வாத்துகளின் ஈயச் சாவு 64 சதவீதம் குறைந்திருந்தது. 1997இல் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் தப்பின என்று 2000இல் வெளியான அந்த ஆய்வு மதிப்பிட்டது.

வேட்டைக்காரன் காசில் வளர்ந்த ஆராய்ச்சிதான் வேட்டைக்காரன் கையிலிருந்த ஈயத்தைப் பிடுங்கியது. 32 வருஷம் ஆச்சு, ஆனாலும் பிடுங்கியது.

இன்னும் ஒரு கணக்கு. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 1970க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடி பறவைகளை இழந்துவிட்டது என்றது. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் காலி. அதே ஆய்வில் வாத்துக் குடும்பம் (பெரிய வாத்துகளையும் சேர்த்து) 56 சதவீதம் கூடியிருந்தது! ஏன்? ஸ்டாம்ப் வாங்க ஒருத்தன் இருந்தான், எண்ண ஒருத்தன் இருந்தான், அவன் சொன்ன இடத்தில் நிலம் வாங்கினார்கள். புல்வெளிக் குருவிக்கு ஸ்டாம்ப் வாங்க யாரும் இல்லை. இதிலிருந்து "வேட்டை வாழ்க" என்று கிளம்பாதீர்கள். பறவையை நேசிப்பதாகச் சொல்லும் நாம் ஏன் காசை எடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

வாதம் 2: "இயற்கையைச் சும்மா விட்டாலே போதும், தானே பார்த்துக்கொள்ளும்."

கேட்க அழகாக இருக்கிறது. வுட்காக்கிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அதற்கு வேண்டியது முதிர்ந்த பெருங்காடு கிடையாது. இளங்காடு வேண்டும். ஆல்டர் புதர், நெருக்கமாக முளைத்த இளமரம், பக்கத்தில் நடனமாட ஒரு வெட்டவெளி. அமெரிக்காவின் வடகிழக்கில் விவசாயிகள் கைவிட்ட வயல்களில் இந்த மாதிரி இளங்காடு நிறைய முளைத்தது. அப்போது வுட்காக்குக்கு யோகம். பிறகு அந்த மரங்களுக்கு வயசாகிவிட்டது. காட்டுத்தீயை அணைக்கிறார்கள். மரம் வெட்டுவதைக் குறைத்துவிட்டார்கள். மிச்ச இடத்தில் வீடு கட்டிவிட்டார்கள். பார்க்கிறவன் "ஆஹா, என்ன பச்சை!" என்கிறான். வுட்காக்குக்கு அது வீடு போன கதை. மெய்ன் மாநிலத்தில் மூஸ்ஹார்ன் சரணாலயத்தில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டி, காட்டைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்துத்தான் இதைக் கற்றார்கள். மரம் வெட்டினால் பறவை பிழைக்கும் என்று எந்த உணர்ச்சிமிக்க கவிதையும் நமக்குச் சொல்லியிருக்காது!

வாதம் 3: "சரி, ஒரு தடவை எண்ணினால் போதாதா? எதற்கு வருஷா வருஷம்?"

இதற்குப் பதிலைக் கொரோனா சொல்லிவிட்டது. 1955லிருந்து நிற்காத வாத்துக் கணக்கு 2020இலும் 2021இலும் நின்றது. 2019இல் கணக்கு 3 கோடியே 89 லட்சம். 2022இல் விமானம் மறுபடி ஏறியபோது 3 கோடியே 42 லட்சம். நடுவில் குறைந்த 47 லட்சம் எந்த வருஷம் குறைந்தது? முதல் வருஷமே சரிந்து கொஞ்சம் தேறியதா? மூன்று வருஷமும் படிப்படியாக இறங்கியதா? அந்த இரண்டு கட்டங்களும் என்றைக்கும் காலியாகத்தான் இருக்கும். போன வருஷத்து வாத்தை இந்த வருஷம் போய் எண்ண முடியாது.

ஊசிவால் வாத்தையும் பாருங்கள். (நம்ம கூந்தன்குளத்துக்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருமே, அதே இனம்தான். ஆனால் நம்மிடம் வருவது ஆசியாவின் வடக்கிலிருந்து.) 1956இல் அந்த மே மாதக் கணக்கில் ஒரு கோடி இருந்தது. 2022இல் 18 லட்சத்துக்கும் கீழே. மற்ற வாத்துகள் நல்ல மழைக்குப் பிறகு தேறின, இது மட்டும் தேறவில்லை. காரணம் வயலில் இருந்தது. ஊசிவால் வாத்து வசந்தத்தில் சீக்கிரமே வந்து, போன வருஷத்து அறுவடைத் தாள்களுக்கு நடுவில் கூடு வைக்கும். அது அடைகாக்கும் நேரத்தில் டிராக்டர் உழ வரும். ஒரு வருஷத்துக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு "மழை இல்லை, அதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். பல வருஷக் கணக்கு இருந்ததால்தான், மழை வந்தும் ஏன் ஏறவில்லை என்று கேட்கத் தோன்றியது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கும்போதும் பறவை ஏமாற்றும். கிழக்கு அமெரிக்காவில் பெண் வுட்காக்குகளுக்கு ஜிபிஎஸ் மாட்டிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. வலசை போய்ச் சேர்ந்த பிறகுதான் பறவை கூடு கட்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம் அல்லவா? இந்த அம்மணிகள் போகிற வழியிலேயே கூடு வைத்து, அது முடிந்ததும் இன்னும் வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மறுபடியும் கூடு வைக்கின்றன. ஆக, வடக்கே மட்டும் காட்டைக் காத்தால் போதாது. வழியெல்லாம் பிரசவ அறை வேண்டும்.

வாதம் 4: "அதெல்லாம் அவங்க ஊர் கதை. நமக்கென்ன?"

இங்கேதான் நம்ம புலிப் பிரியர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஃபிரெடரிக் லிங்கன் என்பவர் 1920லிருந்து அமெரிக்க அரசின் பறவை வளையத் திட்டத்தை நடத்தினார். 1930இல் ஒரு எளிய கணக்கு எழுதினார். உதாரணத்துக்கு, 1000 வாத்துக்குக் காலில் வளையம் மாட்டி விடுகிறோம். அந்த சீசனில் அதில் 100 சுடப்பட்டு வளையம் திரும்பி வருகிறது. அதாவது பத்தில் ஒன்று. நாடு முழுவதும் மொத்தம் 50 லட்சம் வாத்து சுடப்பட்டது என்றால், மொத்த வாத்து சுமார் 5 கோடி. இதே யோசனை மீனுக்காக டென்மார்க்கின் பீட்டர்சனுக்கும் முன்பே வந்திருந்தது. அதனால் லிங்கன்–பீட்டர்சன் முறை என்று நம்ம எக்காலஜி பேப்பரில் ஐந்து மார்க்குக்கு வரும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். :-(

பிறகு மேரிலாந்தின் பட்டக்சன்ட் ஆய்வு மையத்தில் இதை வாத்துகளை வைத்தே பல படி வளர்த்தார்கள். அங்கே வாத்துக் கணக்கில் ஊறியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நிக்கல்ஸ். 1990களில் அவரோடு சேர்ந்துதான் நம்ம உல்லாஸ் கரந்த் நாகரஹொளேயில் தானியங்கி கேமரா வைத்துப் புலிகளை எண்ணும் முறையை உருவாக்கினார். வாத்துக்குக் காலில் வளையம், புலிக்கு உடம்பிலேயே வரி. பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் அதே கணக்கு. நீங்கள் பெருமையாகப் பேசும் புலிக் கணக்கெடுப்புக்குத் தாத்தா, நீங்கள் சிரித்த அந்த வாத்துக் கணக்குதான்.

இந்தக் கணக்கு இல்லாத காலத்தில் என்ன நடந்தது? பாதத் தடத்தைப் பார்த்துப் புலி எண்ணினோம். ராஜஸ்தான் சரிஸ்காவில் 2004 வரை காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005இல் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை! வேட்டைக்காரன் தோட்டா கொன்றது பாதி. ஃபைலில் உயிரோடு இருந்ததால் தேடாமல் விட்டது மீதி.

எண்ணாமல் போன வாத்துகளும் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் லாப்ரடார் வாத்து என்று ஒன்று இருந்தது. 1870களோடு முடிந்தது. ஏன் அழிந்தது? இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கே கூடு வைத்தது என்பதே சரியாகத் தெரியாது. நம்ம நாட்டில் கங்கைச் சமவெளியில் இளஞ்சிவப்புத் தலை வாத்து இருந்தது. போன நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு உறுதியான சான்று இல்லை. ரோஜா நிறத் தலை, அவ்வளவு அழகு. அழகு காப்பாற்றவில்லையே.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025இல் வெள்ளை மாளிகை அனுப்பிய பட்ஜெட் முன்மொழிவு, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் உயிர்ச்சூழல் பிரிவுக்கு அடுத்த நிதியாண்டில் காசே வேண்டாம் என்றது. லிங்கன் நடத்திய அந்த வளையத் திட்டத்தின் வாரிசான ஆய்வகம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடும் ஒரு கணக்கை ஒரு பேனாக் கோட்டில் நிறுத்தலாம் என்று யோசனை சொல்ல ஆளிருக்கிறது. அந்த யோசனைக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? "வாத்து எண்ணுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரிக்க ஊரே தயாராக இருப்பதிலிருந்துதான். அந்தச் சிரிப்பில் நம் பங்கும் இருக்கிறது.

கணக்கு மட்டும் போதாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். வுட்காக்கை 1968லிருந்து எண்ணுகிறார்கள், இன்னும் குறைகிறது. நிலம் வேண்டும், காசு வேண்டும், அரசியல் வேண்டும். ஆனால் எங்கே நிலம், எதற்குக் காசு என்று சொல்ல அந்த நோட்டுப் புத்தகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

நம்மிடம் இல்லாமலும் இல்லை. 1987லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண ஆட்கள். தமிழ்நாடு வனத்துறையின் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள். பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, காலையில் எழும் புத்தி போதும். (கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், தெரியும்.) முக்கியமாக ஒன்று: ஒரு வருஷம் போய் ஃபோட்டோ எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் காணாமல் போகாதீர்கள். அதே ஏரி, அதே கரை, அடுத்த ஜனவரியும், அதற்கடுத்த ஜனவரியும்.

வாத்து எண்ண யார் யார் வர்றீங்க?